விரல் தொட்ட இடத்தில் ஃபோகஸ்: மாம்புரிக் கரையில் வைத்து ஓர் ஆய்வு

கரைவலை இழுப்பதைப் படமெடுத்த பலரிடமும் ஒரே மாதிரியான ஒரு படம் இருக்கும். வலையின் கண்ணிகள் ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் துல்லியமாக விழுந்திருக்கும். அதற்குப் பின்னால் கயிற்றைத் தோளில் மாட்டி, மணலில் குதிகாலை ஊன்றிச் சாய்ந்து நிற்பவரின் முகம் மங்கிப் போயிருக்கும். எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் கமராவிடம் சொல்லவில்லை. ஆகவே மிக அருகில் இருந்ததை, கோடுகள் தெளிவாகத் தெரிந்ததை அது பிடித்துக்கொண்டது.

டிஜிட்டல் கமராவின் பின்திரையில் காட்சியை நேரடியாகப் பார்த்து, வேண்டிய இடத்தை விரலால் தொட்டு ஃபோகஸ் செய்யும் வசதி இந்தக் குறையைத் தீர்க்க வந்தது. லைவ் வியூ, டச் ஃபோகஸ் என்று படப்பிடிப்பாளர்கள் சொல்வது இதைத்தான். வந்து பல ஆண்டுகள் ஆகியும் இதைப் பற்றி இரண்டு கட்சிகள் இருக்கின்றன. இது கைபேசிக்காரர்களின் பழக்கம், கமராவைக் கண்ணில் வைத்துப் பிடிப்பவனே படப்பிடிப்பாளன் என்பது ஒரு கட்சி. இனி கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரே தேவையில்லை என்பது மறு கட்சி. இரண்டும் முழுச் சரியல்ல என்பது என் முடிவு. அதைச் சோதிக்க மாம்புரி போன்ற ஓர் இடம் நன்றாகப் பொருந்தும்.

இலங்கையில் பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில், நுரைச்சோலையைத் தாண்டியதும் மாம்புரி. மேற்கே திறந்த கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே மணற்பாங்கான ஒடுங்கிய நிலம். தெற்கே 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி, கரையோரமாக 2010இல் இயங்கத் தொடங்கிய காற்றாலைகள், வடக்கே தலவில் புனித அன்னம்மாள் ஆலயம். மேற்குப் பார்த்த கரை என்பதால் பிற்பகல் முழுவதும் சூரியன் கடலின் மேல் நிற்கும். கடலிலிருந்து உப்புத் தூறல் ஓயாது. மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்று மணலை வாரி அடிக்கும். கமராவின் திரைக்கும் விரலுக்கும் ஆகாதவை எல்லாம் இங்கே ஒன்றாக இருக்கின்றன. அதே வேளை, தொடுதிரை இல்லாமல் எடுக்க முடியாத படங்களும் இங்கே நிறைய.

திரையில் காட்சியைப் பார்த்துக் கூர்மைப்படுத்துவது புதிய பழக்கம் அல்ல. புகைப்படக் கலையின் தொடக்கமே அதுதான். மரக் கமராவின் பின்னால் தேய்த்த கண்ணாடித் தகடு ஒன்று இருக்கும். லென்ஸ் அனுப்பும் காட்சி அதன்மேல் தலைகீழாக விழும். படப்பிடிப்பாளர் கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு, அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடி லென்ஸை முன்பின் நகர்த்துவார். ஜூலியா மார்கரெட் கமரன் இப்படித்தான் வேலை செய்தார். இங்கிலாந்தில் பெயர் பெற்ற பின் 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879இல் மலையகத்தில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டவர். மற்றவர்கள் லென்ஸை இறுதிவரை திருகித் துல்லியம் தேடும் வேளையில், கண்ணாடியில் ஓர் இடத்தில் காட்சி அழகாகத் தெரிந்தால் தான் அங்கேயே நிறுத்திவிடுவதாக 1874இல் எழுதிய நினைவுக் குறிப்பில் அவர் சொல்கிறார். அந்த மென்மையான படங்களுக்காக அவரைக் கண்டித்தவர்களும் உண்டு, கொண்டாடியவர்களும் உண்டு. எது கூர்மையாக வேண்டும், எவ்வளவு கூர்மையாக வேண்டும் என்பதைக் கண்ணாடியின் முன் நின்ற மனுஷியே தீர்மானித்தார் என்பதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம்.

இந்த அதிகாரம் பிறகு மெல்ல மெல்லக் கருவியின் கைக்குப் போனது. 1977இல் கொனிக்கா சி35 ஏஎஃப் தானாகவே ஃபோகஸ் செய்யும் கமராவாகக் கடைக்கு வந்தது. 1985இல் மினோல்ட்டா 7000 அதே வசதியை லென்ஸ் மாற்றக்கூடிய எஸ்எல்ஆர் கமராவின் உடலுக்குள் வைத்தது. எஸ்எல்ஆரில் லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்த கண்ணாடி ஒன்று ஒளியை மேலே வியூஃபைண்டருக்கு அனுப்பும். அந்தக் கண்ணாடியின் பின்புறமுள்ள சிறிய கண்ணாடி ஒளியில் ஒரு பங்கைக் கீழே இருக்கும் ஃபோகஸ் உணரிக்கு அனுப்பும். லென்ஸின் இரு பக்கங்களிலிருந்தும் வரும் ஒளியை அந்த உணரி ஒப்பிடும். இரண்டும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதிலிருந்து லென்ஸ் எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்று ஒரே கணக்கில் தெரிந்துவிடும். வேகம் அபாரம். ஆனால் உணரி பார்க்கக்கூடிய புள்ளிகள் சில மட்டுமே, அவையும் காட்சியின் நடுப்பகுதியில் நெருங்கிக் கிடக்கும். முகம் ஓரத்தில் இருந்தால் நடுப்புள்ளியை முகத்தில் வைத்து ஃபோகஸ் செய்து, பொத்தானை அரைவாசி அழுத்தியபடி கமராவைத் திருப்பிக் காட்சியை அமைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தலைமுறை படப்பிடிப்பாளர்கள் இப்படித்தான் பழகினார்கள்.

டிஜிட்டல் காலத்தில் பின்திரை வந்தும் எஸ்எல்ஆர் கமராக்களில் அது எடுத்த படத்தைப் பார்க்க மட்டுமே உதவியது. நேரடிக் காட்சி வேண்டுமென்றால் கண்ணாடியை மேலே தூக்க வேண்டும். கண்ணாடி தூக்கப்பட்டால் கீழே இருக்கும் ஃபோகஸ் உணரிக்கு ஒளி போகாது. 2006இல் வந்த ஒலிம்பஸ் ஈ-330 இந்தச் சிக்கலை இரண்டு வழியாகத் தாண்டியது. வியூஃபைண்டர்ப் பாதையில் இரண்டாவது உணரி ஒன்றை வைத்துக் காட்சி காட்டுவது ஒரு முறை, கண்ணாடியைத் தூக்கிப் படம் பதியும் பிரதான உணரியிலிருந்தே காட்டுவது மற்றது. 2007இல் நிக்கோன் டி300 வந்தபோது அதில் ஃபோகஸுக்கு இரு வழிகள் இருந்தன. கண்ணாடியை ஒரு கணம் இறக்கிப் பழைய உணரியால் அளந்துவிட்டு மீண்டும் தூக்குவது ஒன்று. அந்த நேரத்தில் திரை இருண்டுவிடும். மற்றது, படத்தைப் பதியும் உணரியிலேயே பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை அளந்துகொண்டு லென்ஸைச் சிறிது சிறிதாக நகர்த்துவது. வேறுபாடு ஏறும், உச்சத்தைத் தாண்டும், குறையத் தொடங்கும். அப்போதுதான் உச்சம் எங்கே இருந்தது என்று தெரிந்து லென்ஸ் திரும்பி வரும். அசையாத பொருளுக்கு இது மிகத் துல்லியம். துள்ளும் மீனுக்கு உதவாது. லைவ் வியூ மெதுவானது என்ற பெயர் இந்தக் காலத்தில் ஏற்பட்டது. அது நியாயமான பெயர்தான். ஆனால் தொழில்நுட்பம் மாறிய பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

விரல் வந்தது கைபேசி வழியாக. 2009 ஜூனில் வெளியான ஐபோன் 3ஜிஎஸ் திரையைத் தட்டி ஃபோகஸ் செய்யும் பழக்கத்தைப் பெருந்தொகையான மக்களுக்கு ஏற்படுத்தியது. 2010இல் பெனசோனிக் ஜி2, லென்ஸ் மாற்றக்கூடிய கமராவில் அதைக் கொண்டுவந்தது. கண்ணாடி இல்லாத வகைக் கமரா அது, ஆகவே காட்சி எப்போதும் உணரியிலிருந்தே வரும். டிஜிட்டல் எஸ்எல்ஆரில், அதாவது டிஎஸ்எல்ஆரில், தொடுதிரையை முதலில் வைத்தது 2012இல் வந்த கெனன் 650டி. திரை பக்கவாட்டில் திறந்து சுழலும், விரலை மென்மையாக வைத்தாலே போதும். ஆனால் அதன் ஃபோகஸ் இன்னும் தயங்கியது.

உண்மையான திருப்பம் 2013 ஜூலையில் அறிவிக்கப்பட்ட கெனன் 70டி. அதன் உணரியில் 20.2 மெகாபிக்சல், ஒவ்வொரு பிக்சலும் இடம் வலம் என்று இரண்டு ஒளியுணரிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. படத்தைப் பதியும்போது இரண்டும் சேர்ந்து ஒரு பிக்சல். ஃபோகஸ் செய்யும்போது இடப் பாதிகள் எல்லாம் ஒரு படம், வலப் பாதிகள் எல்லாம் மற்றொரு படம். இரண்டையும் ஒப்பிட்டால், முன்பு அடியில் இருந்த தனி உணரி செய்த அதே கணக்கை இப்போது காட்சியின் அகலத்திலும் உயரத்திலும் 80 சதவீதப் பரப்பில் எங்கு வேண்டுமானாலும் செய்யலாம். லென்ஸ் தேடி அலைவது நின்றது. விரல் வைத்த இடத்துக்கு ஃபோகஸ் நேராகப் போனது. வீடியோவில் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு வழுக்கிச் செல்வதுபோல் மாறியது. கல்யாண வீடுகளில் தனியாக நின்று வீடியோ எடுப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, அதற்கு முன் லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பித் தாலி கட்டும் நேரத்தைத் தவறவிட்டவர்கள் அறிவார்கள். நிக்கோன் 2015இல் டி5500இல் தொடுதிரையைக் கொடுத்தாலும், அதன் டிஎஸ்எல்ஆர்களில் லைவ் வியூ ஃபோகஸ் பழைய முறையிலேயே தொடர்ந்தது. 2020இல் வந்த டி780தான் உணரியிலேயே இந்தக் கணக்கைச் செய்த முதல் நிக்கோன் டிஎஸ்எல்ஆர். ஒரே வசதியைப் பற்றி இரண்டு நண்பர்கள் இரண்டு விதமாகப் பேசினால், அவர்கள் கையில் எந்தக் கமரா இருக்கிறது என்று கேட்பது நல்லது.

இனி, இதனால் படத்துக்கு என்ன இலாபம் என்பதைப் பார்க்கலாம். 50 மி.மீ. லென்ஸ், எஃப்/1.8, 70டி அளவு உணரி, ஒன்றரை மீற்றர் தூரத்தில் ஒருவர் முகம். கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தமாக ஏறத்தாழ 6 செ.மீ., அதாவது முன்னும் பின்னும் 3 செ.மீ. தான். நடுப்புள்ளியால் கண்ணில் ஃபோகஸ் செய்து, முகத்தை ஓரத்துக்குத் தள்ளக் கமராவை 12 பாகை திருப்பினால், கூர்மைத் தளம் கண்ணுக்குப் பின்னால் 3 செ.மீ.க்குச் சற்று மேலே போய்விடும். கண் மங்கி, காது தெளியும். ஓரத்தில் இருக்கும் கண்ணையே விரலால் தொட்டால் திருப்ப வேண்டிய தேவையே இல்லை, இந்தப் பிழையும் இல்லை.

இன்னொரு இலாபத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை. டிஎஸ்எல்ஆரின் அடியிலுள்ள ஃபோகஸ் உணரியும் படம் பதியும் உணரியும் வேறு வேறு. இரண்டுக்கும் போகும் ஒளிப்பாதையின் நீளம் மயிரிழை மாறினாலும் ஃபோகஸ் எப்போதும் சற்று முன்னேயோ பின்னேயோ விழும். லென்ஸ் பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. லைவ் வியூவில் படம் பதியும் இடமே ஃபோகஸை அளக்கும் இடமாகவும் இருப்பதால் இந்த முரண்பாட்டுக்கு வாய்ப்பில்லை. லென்ஸில் குறையா, கண்ணாடி அமைப்பில் குறையா என்று கண்டறியவும் இதுவே எளிய வழி. கமராவை முக்காலியில் வைத்து ஒரே பொருளை இரண்டு முறையிலும் எடுத்துப் பார்த்தால் வீட்டிலேயே விடை கிடைத்துவிடும்.

மாம்புரியில் இதன் அருமை கோணத்தில் தெரியும். மணலில் ஓடும் நண்டின் கண்மட்டத்துக்குக் கமராவை இறக்க வேண்டுமென்றால், வியூஃபைண்டர்க்காரர் ஈர மணலில் கன்னத்தை வைத்துப் படுக்க வேண்டும். சுழலும் திரை இருந்தால் குந்தியிருந்து, திரையை மேல்நோக்கித் திருப்பி, நண்டைத் தொட்டால் போதும். தலவில் திருவிழாவில் இதற்கு நேர்மாறு. மார்ச்சிலும் ஓகஸ்டிலும் நடக்கும் விழாக்களில் ஓகஸ்ட் விழாவுக்கு நாடெங்கிலுமிருந்து கூட்டம் வரும். சிங்களவரும் தமிழரும் தோளோடு தோள் நிற்கும் அந்த நெரிசலில், கையை உயர்த்திக் கமராவைத் தலைகளுக்கு மேலே பிடித்து, கீழ்நோக்கிச் சாய்த்த திரையில் சுருவத்தின் முகத்தைத் தொட்டு எடுக்கும் படம் வேறெந்த வழியிலும் கிடைக்காது. முன்னால் உயர்ந்திருக்கும் கைகளையும் கைபேசிகளையும் கமரா தானாகப் பிடித்துக்கொள்ளாமல் விரல் தடுக்கிறது.

மனிதர்களைப் படமெடுப்பதில் இன்னொன்றும் உண்டு. வாடியில் உட்கார்ந்து வலை பொத்தும் முதியவர் ஒருவரின் முன் பெரிய லென்ஸை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றால், அவருக்குத் தெரிவது ஒரு கருவி மட்டுமே. கமரா மார்பு மட்டத்திலோ மடியிலோ இருந்தால் எடுப்பவரின் முகம் அவருக்குத் தெரியும். பேச்சு நிற்காது. திரையில் அவர் கண்ணை ஒருமுறை தொட்டுவிட்டு, அவரை நேராகப் பார்த்துப் பேசிக்கொண்டே எடுக்கலாம். அனுமதி கேட்பதும், எடுத்ததைத் திருப்பிக் காட்டுவதும் இதில் இயல்பாக வருகின்றன. இதற்காகவே தொடுதிரையை நான் ஆதரிப்பேன், மற்ற நன்மைகள் எல்லாம் இல்லாவிட்டாலும்.

கரையில் சிக்கல்களும் குறைவில்லை. முதலாவது வெயில். நண்பகல் வெயிலின் வெளிச்சம் ஏறத்தாழ ஒரு இலட்சம் லக்ஸ். அதன் முன் கமராத் திரை வெளுத்துப் போகும். எங்கே தொட்டோம் என்பது தெரிந்தாலும், தொட்ட இடம் கூர்மையானதா என்பது தெரியாது. கடற்கரையில் பலர் அணியும் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி இதை இன்னும் கெடுக்கும். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிர்வது. அந்தக் கண்ணாடியும் ஒரு திசை ஒளியை மட்டுமே விடும். இரண்டும் குறுக்காக அமைந்துவிட்டால் திரை கிட்டத்தட்ட கறுப்பாகிவிடும். கமராவைக் குத்தாகத் திருப்பும்போது திடீரென்று திரை அணைந்ததுபோல் தோன்றினால் காரணம் பெரும்பாலும் இதுதான். கண்ணாடியைக் கழற்றுங்கள், தொப்பியின் நிழலில் திரையைப் பிடியுங்கள். ஒரு கறுப்புத் துணியைப் பையில் வைத்திருப்பது இன்னும் நல்லது. கமரன் அம்மையார் போர்த்திய அதே துணிக்கு இன்றும் வேலை இருக்கிறது.

இரண்டாவது உப்புநீர். இந்தத் திரைகள் அழுத்தத்தை உணர்வதில்லை, விரலின் மின்தன்மையை உணர்கின்றன. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆகவே ஒரு துளி விழுந்தாலும் கமரா அதை விரலென்று எடுத்துக்கொள்ளலாம். ஃபோகஸ் சதுரம் தானாக மூலைக்குப் போவதும், தொட்டால் படமெடுக்கும் வசதி இயக்கத்தில் இருந்தால் தன்பாட்டுக்குப் படங்கள் விழுவதும் இதனால்தான். ஈர விரலும் அப்படியே. படகில் போகும்போது தொடுதிரையை நிறுத்திவிடுவதும், தொட்டால் படமெடுக்கும் வசதியை எப்போதுமே நிறுத்தி வைப்பதும் என் பரிந்துரை. ஃபோகஸுக்கு விரல், எடுப்பதற்குப் பொத்தான். திரையைத் தட்டும் தட்டலே கமராவை அசைத்துவிடும் என்பதும் இதற்கு இன்னொரு காரணம்.

மூன்றாவது சிக்கல் கொஞ்சம் நுட்பமானது, கடற்கரைக்காரர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது. பிக்சலை இடம் வலமாகப் பிரிக்கும் உணரி, படத்தின் பக்கவாட்டு விலகலை மட்டுமே காணும். நிமிர்ந்த கோடு பக்கவாட்டில் விலகினால் தெரியும். கிடைக்கோடு பக்கவாட்டில் எவ்வளவு விலகினாலும் அதே கோடாகவே தெரியும். கடலும் வானும் சந்திக்கும் தொடுவானம் சுத்தமான கிடைக்கோடு. மாம்புரியில் மேற்கே திரும்பி நின்று தொடுவானத்தைத் தொட்டால் ஃபோகஸ் தடுமாறுவது இதனால்தான், கமரா பழுதாகி அல்ல. கமராவைச் சற்றுச் சாய்த்துத் தொடுங்கள், அல்லது குத்தாகத் திருப்பி ஃபோகஸ் செய்துவிட்டு மீளுங்கள், அல்லது தூரத்துப் படகின் நிமிர்ந்த கொடிக்கம்பைத் தொடுங்கள். இரண்டு திசையிலும் காணும் உணரிகள் இப்போது வந்துவிட்டன. 2022இல் ஓஎம்-1, 2024இல் கெனன் ஆர்1 ஆகியவை அப்படிப்பட்டவை. ஆனால் அவை பெரும்பாலானோர் கையில் இல்லை.

காற்றாலைகளிலும் இதேபோன்ற ஒரு பாடம் உண்டு. வெண்மையான தூண், பின்னால் உப்பு மூட்டத்தில் வெளுத்த வானம். தூணின் நடுவில் தொட்டால் அளக்க எதுவும் இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. தூணின் விளிம்பில் தொட வேண்டும். கீழே தென்னை ஓலை தூணைக் குறுக்கிடும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் ஓலையும் தூணும் ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கரைவலைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். முகத்தைத் தொட்டாலும் சதுரத்துக்குள் வலையும் சேர்ந்து விழுந்தால் கமரா மீண்டும் வலையையே பிடிக்கும். பெரும்பாலான கமராக்களில் சதுரத்தைச் சிறிதாக்கலாம். திரைக் காட்சியை ஐந்து மடங்கோ பத்து மடங்கோ பெரிதாக்கிக் கண்ணைத் தேடித் தொடலாம். கரைவலை இழுப்பு அவசரமில்லாத வேலை. கயிறு கரைக்கு வர நேரம் எடுக்கும். அவ்வளவு நேரமும் படப்பிடிப்பாளருக்குக் கிடைக்கிறது. வலையின் மடி கரைக்கு வந்து மீன் துள்ளும் அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் வேறு முறை வேண்டும்.

டொல்பின்களுக்கும் வேறு முறைதான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கற்பிட்டிக் கடலில் கூட்டங்கூட்டமாக வரும் சுழல் டொல்பின்கள் நீரிலிருந்து எழும்பிச் சுழன்று விழுந்துவிடும். எங்கே எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. அதைத் திரையில் தேடி, விரலை வைத்து, கமரா அதைப் புரிந்துகொள்வதற்குள் நீர் மூடிவிடும். ஆடும் படகில் நீண்ட லென்ஸைக் கைநீளத்தில் பிடிப்பதும் இயலாத காரியம். கமரா நெற்றியில் ஊன்றி, முழங்கைகள் விலாவில் ஒட்டினால்தான் நிலைக்கும். இங்கே வியூஃபைண்டர்க் கட்சி சொல்வது முழுக்கச் சரி. கண்ணாடியில்லாத கமராக்களில் ஒரு சமரசம் உண்டு. கண் வியூஃபைண்டரில் இருக்கும்போதே பெருவிரலைத் திரையில் இழுத்து ஃபோகஸ் சதுரத்தை நகர்த்தலாம். கெனன் எம்5, சோனி ஏ6500 இரண்டும் 2016இல் இந்த வசதியுடன் வந்தன. இடக்கண்ணால் பார்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு தொல்லை: மூக்கு திரையில் பட்டுச் சதுரத்தை இழுத்துக்கொண்டு போகும். திரையின் வலப்பாதி மட்டும் தொடுகையை ஏற்கும்படி பல கமராக்களில் அமைக்கலாம்.

இப்போது ஒரு கேள்வி இயல்பாக எழும். மனிதக் கண், பறவை, நாய், பூனை, வாகனம் என்று புதிய கமராக்கள் தாமாகவே கண்டுபிடித்துத் தொடர்கின்றனவே, இனி விரல் எதற்கு? ஒருவர் மட்டும் இருக்கும் படத்தில் விரல் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கமராவின் கண்தேடல் என் விரலைவிட வேகமானது, துல்லியமானது. ஆனால் கரைவலைக் கயிற்றில் வரிசையாக நிற்கும் பல முகங்களில் எந்த முகம் என்பது கமராவுக்குத் தெரியாது. அது பெரும்பாலும் அருகிலுள்ளதையோ பெரிதாகத் தெரிவதையோ தேர்ந்தெடுக்கும். முன்னால் நிற்கும் இளைஞனை விட்டுவிட்டு, கடைசியில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருக்கும் பெரியவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எனக்குத்தான் இருக்கிறது. அதைக் கமராவுக்குச் சொல்ல மிகச் சுருக்கமான வழி அவர் முகத்தைத் தொடுவது. தொட்டபின் அவரைத் தொடர்வதைக் கமரா பார்த்துக்கொள்ளட்டும். முகங்கள் இல்லாத படங்களில் விரலின் தேவை இன்னும் அதிகம். கருவாடு காயும் பாய், வெங்காயப் பாத்தியில் நிற்கும் நீர், துருப்பிடித்த நங்கூரம் ஆகிய எதையும் தேட அந்தக் கமராக்களுக்குக் கற்பிக்கப்படவில்லை.

கைபேசியில் பழகியவர்கள் கமராவுக்கு மாறும்போது இரண்டு வேறுபாடுகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கைபேசியின் உணரி மிகச் சிறியது. இரண்டு மீற்றரில் ஒருவரை எடுத்தால் அவருக்கு முன்னும் பின்னும் தாராளமாகக் கூர்மை இருக்கும், தொட்ட இடம் சற்றுப் பிசகினாலும் தெரியாது. முன்பு சொன்ன 50 மி.மீ. லென்ஸில் அதே இரண்டு மீற்றரில் கூர்மை ஆழம் 11 செ.மீ. அளவே. மூக்கைத் தொட்டோமா கண்ணைத் தொட்டோமா என்பது இங்கே படத்தையே மாற்றும். அடுத்தது வெளிச்சம். கைபேசியில் ஓர் இடத்தைத் தட்டினால் ஃபோகஸுடன் வெளிச்ச அளவும் அந்த இடத்துக்கு மாறும். பல கமராக்களில் இவை தனித்தனி. மாலையில் சூரியனுக்கு முன்னால் நிற்பவரின் முகத்தைத் தொட்டதும் முகம் தானாக வெளிச்சமாகும் என்று எதிர்பார்த்தால் கறுத்த நிழலுருவமே கிடைக்கும். எக்ஸ்போஷரைத் தனியாகக் கூட்ட வேண்டும். நிழலுருவம்தான் வேண்டும் என்பவருக்கு இந்தப் பிரிவு வசதிதான்.

பற்றரியைப் பற்றி ஒரு வார்த்தை. உணரியும் திரையும் இடைவிடாமல் இயங்குவதால் டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூ மின்சாரத்தைக் குடிக்கும். கெனன் 80டியின் தரவுப்படி ஒரு முறை சார்ஜ் செய்தால் வியூஃபைண்டரில் ஏறத்தாழ 960 படங்கள், லைவ் வியூவில் 300. திருவிழாவுக்குப் போகிறவர் மேலதிகப் பற்றரி ஒன்று கொண்டுபோக வேண்டும்.

என் தீர்ப்பு இது. ஓரிடத்தில் இருந்து வேலை செய்கிற மனிதர்கள், தாழ்ந்த கோணம், உயர்ந்த கோணம், வீடியோ, முக்காலி, மிக நெருக்கமான படம், இவற்றுக்குத் திரையும் விரலும். டொல்பின், பறவை, காற்றில் பாயும் கைட் சர்ஃபிங், நண்பகல் வெயில், தூறல் அடிக்கும் படகு, இவற்றுக்குக் கண்ணும் வியூஃபைண்டரும். புத்தளம் பக்கத்தில் புகைப்படம் கற்பிப்பவர்கள் முதல் வகுப்பிலேயே இரண்டையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். கைபேசியுடன் வளர்ந்த பிள்ளைக்கு விரல் ஏற்கனவே பழக்கம். கமராவைக் கையில் கொடுத்ததும் அந்தப் பழக்கத்தை மறக்கச் சொல்வது வீண்.

இதற்காகப் புதிய கமரா வாங்க வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையில் சொன்ன பெரும்பாலானவற்றை 2013இன் 70டியே செய்யும், அதைப் பழைய கமராவாக இன்றும் வாங்கலாம். வாங்கும்போது திரையைத் திறந்து முழுவதும் சுழற்றிப் பாருங்கள். கீலில் மணல் நெரிபடும் சத்தம் வந்தாலோ, சுழற்றும்போது காட்சி மின்னி அணைந்தாலோ வேண்டாம். பிறகு மெனுவைத் திறந்து திரையின் நான்கு மூலைகளிலும் விரல் வேலை செய்கிறதா என்று பாருங்கள். லைவ் வியூவில் காட்சியின் ஓரத்தில் தொடும்போது மட்டும் ஃபோகஸ் சதுரம் விளிம்பு வரை வராது. அது 80 சதவீத எல்லை, பழுது அல்ல.